சோதனைச்சாவடித் தல புராணம்

விழுப்புரம் மாவட்டத்தில் மேல்மலையனூர் உண்டு, மயிலம் உண்டு, திருவக்கரை உண்டு. ஆனாலும் நம்மூர் லாரிக்காரர்கள் நடை தவறாமல் காணிக்கை செலுத்தும் தலம் வேறு. மூலவர்: சோதனைச்சாவடி. உற்சவர்: ஜீப்பில் வலம்வரும் பறக்கும் படை. சந்நிதிகள்: மதுவிலக்கு, போக்குவரத்து, வணிகவரி, கனிமவளம். தல விருட்சம்: பிடித்த வண்டியை ஓரங்கட்டும் புளியமரம். தீர்த்தம்: பாண்டியிலிருந்து வருவது, அதன் மகிமை கடைசியில்.

முதலில் தல வரலாறு. பிரெஞ்சுக்காரனும் வெள்ளைக்காரனும் அடித்துக்கொண்டு, கைக்குக் கிடைத்த கிராமத்தையெல்லாம் பங்கு போட்டதில் பிறந்தது இந்தத் தமிழ்நாடு-புதுச்சேரி எல்லைக்கோடு. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரன் நிர்வாகத்தை ஒப்படைத்தான். 1962-ல் சட்டப்படியும் கைகழுவினான். எல்லைக்கோட்டை மட்டும் நாம் விடவில்லை, வைத்துப் பூசை செய்கிறோம். விழுப்புரத்திலிருந்து கிழக்கே போனால் வளவனூர் தமிழ்நாடு, மதகடிப்பட்டு புதுச்சேரி, கண்டமங்கலம் மறுபடி தமிழ்நாடு, வில்லியனூர் மறுபடி புதுச்சேரி. சுமார் 40 கிலோமீட்டரில் இத்தனை அவதாரம். பேச்சு ஒன்று, பெண் கொடுத்து எடுப்பது இரு பக்கமும். லாரிக்கு மட்டும்தான் அது வெளிமாநிலம்.

இந்தியா முழுக்க வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 301-வது பிரிவு. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோதும் ஒரே நாடு, ஒரே வரி என்று மேளம் கொட்டினார்கள். ஓசூரிலிருந்து கன்னியாகுமரிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் சரக்கு போகலாம். மாநிலத்துக்கு உள்ளேதானே என்று 1 லட்சம் ரூபாய் வரை இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டைக் கேட்பதில்லை. திண்டிவனத்துச் சரக்கு கோரிமேட்டைத் தாண்டினால் அது மாநிலம் விட்டு மாநிலம். 50,000 ரூபாயைத் தாண்டினாலே பில் வேண்டும். தூரம் பெரிதா, கோடு பெரிதா என்றால் கோடுதான் பெரிது.

கோடு தாண்டுவது ஃபுல் லோடு என்றால், வண்டி முழுக்க ஒரே ஆளின் சரக்கு. அரிசியோ மணிலாவோ மரக்காணத்து உப்போ, வண்டி நின்றால் அவருடைய மொத்த முதலும் நிற்கும். அந்தப் பக்கம் இறக்கு கூலி ஆட்கள் காத்திருப்பார்கள். இந்தப் பக்கம் வண்டிக்கு டியூ கட்டும் தேதி காத்திருக்கும். இது தெரிந்த பக்தர்கள்தானே பூசாரிகளுக்குப் பிடித்தமானவர்கள்?

தோஷம் என்னவென்று கேட்காதீர்கள். பில்லில் வண்டி நம்பர் ஓர் எழுத்து மாறியிருக்கும். இத்தகைய சின்னப் பிழைக்கு வண்டியைப் பறிமுதல் வழிக்குக் கொண்டுபோகக் கூடாது, 1,000 ரூபாய் அபராதம் போதும் என்று 2018 செப்டம்பர் 14-ல் மத்திய வரி வாரியமே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அது நடுச்சாலையில் யார் கண்ணுக்குத் தெரிகிறது? ஜிஎஸ்டி சட்டத்தின் 129-வது பிரிவு மட்டும் பளிச்சென்று தெரிகிறது. வரியைப் போல இரு மடங்கு அபராதம் அதில்தானே இருக்கிறது. அதைக் காட்டி நடுங்கவைத்தபின், பரிகாரம் தானாகவே குறைந்த விலைக்குப் படிகிறது. ரசீது இல்லாத பரிகாரம்.

வண்டியை அரை மணிக்கு மேல் நிறுத்திவைத்தால் இ-வே பில் தளத்திலேயே புகார் பதியலாம் என்று ஜிஎஸ்டி விதி 138டி சொல்கிறது. பதியலாம்தான். நாளைக்கும் அதே சாலையில் வர வேண்டிய டிரைவர், அண்ணே பார்த்துச் செய்யுங்க என்பாரா, ஃபோனை எடுத்துப் படிவம் நிரப்புவாரா?

நாடுகளுக்கு இடையிலேயே இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். டிஐஆர் என்ற ஐ.நா. உடன்படிக்கைப்படி, புறப்படும் இடத்தில் லாரிக்குச் சீல் வைத்தால் சேருமிடத்தில்தான் பிரிப்பார்கள். நடுவில் எத்தனை நாட்டு எல்லை வந்தாலும் சீல் சரியா என்று பார்த்து அனுப்புவதுதான் வழக்கம். அதில் இந்தியாவும் 2017-ல் சேர்ந்தது. நாடு விட்டு நாடு போகும் வண்டியை நம்பலாமாம். வளவனூரிலிருந்து வில்லியனூர் போகிறவனைத்தான் நம்பக் கூடாதாம்.

இனி தீர்த்த மகிமை. இந்த எல்லையில் இத்தனை கண்கள் விழித்திருப்பது எதற்கு? பாண்டிச் சரக்கு மலிவாக உள்ளே வந்தால் டாஸ்மாக் கல்லா என்னாவது? அதனால் அரிசி மூட்டைக்கு நடுவிலும் கை விட்டுத் துழாவுகிறார்கள். இவ்வளவு துழாவியும் 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மீனவர்கள் மெத்தனால் குடித்துச் செத்தார்கள். செங்கல்பட்டையும் சேர்த்து 20-க்கும் மேற்பட்ட உயிர்கள். சென்னைப் பக்கத்திலிருந்து கிளம்பி, புதுச்சேரி ஆட்கள் கைமாறி, மரக்காணத்துக்கு வந்த விஷம் அது என்றது போலீஸ் விசாரணை. எத்தனை சந்நிதி தாண்டி வந்திருக்கும்! ஓர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு அது படவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மீண்டும் மெத்தனால், 60-க்கும் மேற்பட்ட பிணங்கள். இரண்டு முறையும் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று அறிவித்துப் பாவம் கழுவினார்கள்.

புராணம் போதும். சோம்பலோ அசட்டையோ இதற்குக் காரணமில்லை. நேர்மையான லோடுக்கு முகவரி உண்டு, அவசரம் உண்டு, பயம் உண்டு. அதனிடம் கறப்பது எளிது. விஷத்துக்கு இவை எதுவும் இல்லை, அதற்கு ஆள் பலம் இருக்கிறது. எளியவனை நிறுத்து, வலியவனை விடு என்பதுதான் அங்கே நடக்கும் ஒரே சட்டம்.

இரண்டு அரசுகளையும் கேட்கிறோம். பில் சரியா என்று வண்டி நம்பரைத் தட்டினாலே தெரிந்துவிடும். சரியென்றால் போக விடுங்கள். நிறுத்தினால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மெத்தனால் ஏற்றும் ஒவ்வொரு பீப்பாயும் எங்கே கிளம்பி எங்கே இறங்கியது என்று கணக்குக் காட்டுங்கள். அதைச் செய்ய முடியாத சாவடி யாரைக் காக்கிறது? இழுத்து மூடுங்கள்.