மணல் குழிக்கு இந்தப் பக்கம்

நல்லூரிலிருந்து விருத்தாசலத்துக்கு பஸ்ஸில் போய்ப் படித்த காலத்தில் எனக்குப் 'பேச்சாளர்' என்று ஒரு பட்டம் இருந்தது. கொடுத்தவனும் நான், வாங்கிக்கொண்டவனும் நான். அப்பா மட்டும் அதைப் பாதி நம்பினார். "நம்ம சிதம்பரத்துல, அண்ணாமலை யுனிவர்சிட்டியில படிச்ச நெடுஞ்செழியனும் அன்பழகனும் பேசியே மந்திரி ஆனாங்கடா" என்பார். கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்படும் பிள்ளை எப்படிப் பேசி மந்திரியாவான் என்று அவர் யோசிக்கவில்லை.

கல்லூரியில் பட்டிமன்றம் வந்தது. 'மாணவரை உயர்த்துவது படிப்பா, விளையாட்டா?' விவரமானவர்கள் எல்லோரும் படிப்புப் பக்கம் ஒதுங்கிவிட, எனக்கு விளையாட்டு மிஞ்சியது. நூலகத்தில் துழாவி ஜேம்ஸ் கானலி என்ற அமெரிக்கரைப் பிடித்தேன். ஹார்வர்டு மாணவர். 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குப் போக லீவு கேட்டார், கிடைக்கவில்லை. படிப்பை உதறிவிட்டுக் கப்பல் ஏறினார். ஏப்ரல் 6ஆம் தேதி மும்முறைத் தாண்டலில் 13.71 மீட்டர் தாண்டி, நவீன ஒலிம்பிக்கின் முதல் வெற்றியாளரானார். அப்போது முதல் பரிசே வெள்ளிப் பதக்கம்தான். இதைவிட என்ன வேண்டும்? அதே ஹார்வர்டும் யேலும் 1892லேயே ஒன்றையொன்று விவாத மேடையில் சந்தித்ததையும் சேர்த்துக்கொண்டேன். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது.

மேடையில் நடுவர் அவர்களே என்று ஆரம்பித்து, முதல்வர், பேராசிரியப் பெருமக்கள், எதிரணி நண்பர்கள், ஒலிபெருக்கி அமைத்தவர் வரை வணங்கி முடிக்கையில் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. மிச்ச நேரத்தில் கானலியைக் கப்பலேற்றி, தாண்டவும் வைத்தேன். யேலுக்கு நேரமில்லை. எதிரணிப் பெண் எழுந்து, "படிப்பை விட்டுட்டு ஓடினவரை மாணவர்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "அதுவும் சரிதான்" என்றேன், மைக்கில். விருத்தாசலம் பீங்கான் ஊர் என்பதால், ஆறுதல் பரிசாக ஒரு பீங்கான் பிள்ளையார் கொடுத்தார்கள். அதிகக் கைதட்டல் வாங்கித் தந்ததற்காக எதிரணியே சிபாரிசு செய்ததாகக் கேள்வி.

அதோடு விட்டிருக்கலாம். பி.டி. மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தது என் கெட்ட நேரம். அவர் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். 1920இல் அதைத் தொடங்கிய ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர்தான் 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனார் என்று டிரில் வகுப்பு தவறாமல் சொல்வார். "இவ்ளோ பேசறியே தம்பி, ஸ்போர்ட்ஸ் டேக்கு நீயே தாண்டு" என்று பெயர் எழுதிவிட்டார்.

மும்முறைத் தாண்டலில் ஓடி வந்து எந்தக் காலால் எழும்புகிறோமோ அதே காலில் இறங்க வேண்டும். அடுத்த அடி மறு கால். மூன்றாவதுதான் மணலை நோக்கிய பாய்ச்சல். கானலி காலத்தில் ஒரே காலில் இருமுறை கெந்திவிட்டுத் தாண்டலாம். அவர் அப்படித்தான் செய்தார். நான் எந்தக் காலால் எழும்பினேன் என்பதை நடுவானில் மறந்துவிட்டேன். சர்வதேசப் போட்டியில் ஆண்களுக்குப் பலகையிலிருந்து குழி 13 மீட்டராவது தள்ளி இருக்கும். எங்களுக்கு இரக்கப்பட்டு நெருக்கிப் போட்டிருந்தார்கள். அப்படியும் மூன்று தாண்டலும் முடிந்தபோது நான் கட்டாந்தரையில்தான் உட்கார்ந்திருந்தேன். டேப் பிடித்தவர் மணலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டேப்பைச் சுருட்டினார். "இடம் விட்டு உக்காந்துட்டியேப்பா" என்றார் மாஸ்டர்.

முழங்கால் சிராய்ப்புக்கு மஞ்சள் பற்றுப் போட்டபடி அம்மா கேட்டாள்: "பேச்சுப் போட்டியில எப்படிடா அடிபட்டுச்சு?"

கானலி பின்னாளில் கடல் கதைகள் எழுதிப் புகழ் பெற்றார். அவர் தாண்டிவிட்டு எழுத வந்தவர். நான் தாண்டாமலே வந்துவிட்டேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.