மை குடிக்கும் மகான்

இங்க்ஜெட் பிரிண்டரை யாராவது பழித்தால் எனக்குப் பொறுக்காது. முதலில் விலையைப் பாருங்கள். ஒரு கலர் லேசர் வாங்கும் காசில் இரண்டு இங்க்ஜெட் வாங்கிவிடலாம். இவ்வளவு மலிவாக விற்றால் கம்பனிக்குக் கட்டுப்படியாகுமா என்று நாம் கவலைப்படத் தேவையில்லை, அதை மை பார்த்துக்கொள்ளும். பல மாதிரிகளில் பெட்டியோடு வரும் முதல் காட்ரிட்ஜில் மை குறைவாகத்தான் இருக்கும். வாங்கிய கையோடு கடைக்காரரை மறுபடி சந்திக்க வைக்கும் நல்லெண்ணம் அது.

அதன் சுத்தபத்தம் இன்னும் விசேஷம். மன்னாரில் சோளகம் அடிக்கத் தொடங்கினால் யன்னல் கம்பியில் உப்புப் பிசுபிசுக்கும், முற்றத்து மணல் மேசைக்கு வந்துவிடும். மயிரிழையிலும் மெல்லிய துவாரங்களால் மை தெளிக்கும் கருவி இரண்டு மூன்று கிழமை சும்மா கிடந்தால் மை காய்ந்து துவாரம் அடைபடும். அதற்காக அது சோர்ந்துவிடுமா? தன் தலையைத் தானே கழுவிக்கொள்ளும். தண்ணீரிலா, சீச்சீ, மையில்! கழுவிய மை அடியில் உள்ள பஞ்சில் போய்ச் சேரும். பஞ்சு நிறைந்துவிட்டதென்று அதன் கணக்குச் சொன்னால் பிரிண்டர் வேலையையே நிறுத்திவிடும். படம் அடிக்காமலே மை தீர்ந்துபோனது என்று புலம்புகிறவர்களுக்குத் தூய்மையின் அருமை தெரியாது.

முதல் நன்மை எடுத்த பிள்ளையின் படத்தை நானும் அதில் அடித்துப் பார்த்தேன். சோதனைத் தாளில் நாலு நிறமும் படிப்படியான கோடுகளாக வர வேண்டும். மஜெந்தாவில் பாதிப் படிகளைக் காணவில்லை. தலையைக் கழுவச் சொன்னேன், காணாமற்போன படிகளில் இரண்டு திரும்பி வந்தன. அந்த உற்சாகத்தில் விலைகூடிய பளபளப்புத் தாளைச் செருகினேன். வெள்ளை உடுப்பு அப்பழுக்கில்லாமல் வந்தது, அந்த இடத்தில்தான் மையே விழாதே. முகம் மட்டும் பச்சை. “பிள்ளைக்கு என்ன வருத்தம்?” என்று அம்மம்மா கேட்டார். சரி, கறுப்பில் ஒரு படிவமாவது அடிப்போம் என்றால், மஜெந்தா தீர்ந்துவிட்டது, முடியாது என்றது. நால்வரில் ஒருவர் பட்டினி கிடக்க மற்றவர் வேலை செய்வதா? இந்த ஒற்றுமை எந்தத் தொழிற்சங்கத்தில் உண்டு?

விசுவாசத்திலும் குறையில்லை. 2016இல் எச்.பி. பிரிண்டர்கள் பல, வேறு கம்பனிக் காட்ரிட்ஜ்களைத் திடீரென்று ஏற்க மறுத்தன. உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது என்றால் இதுதான். காசு கொடுத்து வாங்கியவர் உப்பிட்டவர் அல்லர் என்பதை நாம்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

கலர் லேசரின் பெருமை வேறு வகை. அதில் காய்வதற்கு மையே கிடையாது. டோனர் என்பது பிளாஸ்டிக் தூள், ஏறக்குறைய 200 பாகை சூட்டில் ஓர் உருளை அதை உருக்கித் தாளில் ஒட்டிவிடும். மாதக்கணக்கில் மூடி வைத்து எடுத்தாலும் அடிக்கும். உருளை சூடேறும்போது லைட் மங்கும், யூபிஎஸ் அலறும். மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனியின் 30 காற்றாலைகளும் சுற்றுவதற்கு ஒரு நியாயம் வேண்டாமா? முகத்தை நுண்புள்ளிகளால் கட்டுவதால் அம்மம்மாவும் பழைய பத்திரிகையில் வந்த பிரமுகர் மாதிரி ஆகிவிடுவார். இங்க்ஜெட்டுக்கென்று செய்த பளபளப்புத் தாளை மறந்துபோய்ச் செருகினாலோ, தாளின் பூச்சு உருகி உருளையை ஆரத் தழுவிக்கொள்ளும். அந்தத் தழுவலைப் பிரிக்க ஆகும் செலவில் புதுப் பிரிண்டரே வாங்கிவிடலாம், கம்பனிக்கும் சந்தோசம்.

பாதுகாப்பையும் சொல்லாமல் விடக்கூடாது. சில கலர் லேசர்கள் அடிக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் தம் தொடரிலக்கத்தையும் நேரத்தையும் கண்ணுக்குப் புலப்படாத மஞ்சள் புள்ளிகளாகப் பதிக்கின்றன. அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் 2005இல் அவற்றைப் படித்துக் காட்டியது. பதிவுக்கும் விசாரணைக்கும் பழகிப்போன எங்களூரில் இன்னுமொரு பதிவு யாருக்குப் பாரம்?

கடவுச்சீட்டுப் படத்தையாவது வீட்டில் அடித்துக் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று மனக்கணக்குப் போடாதீர்கள். குடிவரவுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில் எடுத்த படம்தான் செல்லும். எப்படியும் அங்கே போகத்தானே வேண்டும், போகும்போது பிள்ளையின் படத்தையும் பென்ட்ரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். சாய மையில் வீட்டில் அடித்து வெயில் விழும் சுவரில் மாட்டிய படம் சில வருடங்களில் வெளுத்துவிடும். ஸ்டூடியோத் தாள் அதைவிட நிச்சயம் நின்றுபிடிக்கும். வருடத்துக்குப் பத்துப் பதினைந்து படம் அடிக்கும் வீட்டுக்கு இங்க்ஜெட்டும் வேண்டாம், கலர் லேசரும் வேண்டாம். பள்ளிக்கூடத் தாள் அடிக்க ஒரு கறுப்பு லேசர் போதும்.