காசு கொடுத்து ஒரு டைரி

டைரி என்பது யாராவது கொடுப்பது. காசு போட்டு வாங்குவதல்ல. இந்த நம்பிக்கையில் வளர்ந்த தலைமுறை என்னுடையது. டிசம்பர் கடைசியில் வங்கியில் வேலைபார்க்கும் மைத்துனர் ஒன்று தருவார். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியான பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று தருவார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற வழக்கம் நமக்கில்லை.

2020 செப்டம்பரில் மத்திய நிதி அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. அமைச்சகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், பொதுத்துறை வங்கிகள் இனி டைரியும் காலண்டரும் அச்சடிக்க வேண்டாம், டிஜிட்டலே போதும் என்றது. அடுத்து வந்த ஜனவரியில் மைத்துனரின் மவுசு சரிந்தது. நான் ஸ்டேஷனரிக் கடைக்குக் கிளம்பினேன்.

"என்ன டைரி சார் வேணும்?" என்றார் கடைக்காரர். பதில் தெரியாமல் விழித்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினார்.

முதலில் வந்தது நாளுக்கு ஒரு பக்கம் உள்ள டைரி. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் நாட்குறிப்பைத் தொடங்கி, 1761இல் காலமாகும்வரை எழுதினார். கப்பல் வந்தது, சண்டை நடந்தது, யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என எல்லாம் அதில் உண்டு. அவருக்கு ஒரு பக்கம் போதாது. எனக்கோ, "கரண்ட் பில் கட்டணும்" என்று முதல் வரியில் எழுதியதும் மிச்சக் கோடுகளெல்லாம் சேர்ந்து முறைக்கும். போதாததற்கு, இந்த வகையில் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமைக்கு அரைப் பக்கம்தான். அன்று வேலை குறைவாம்! ஒட்டடை அடிப்பது, கறிக்கடை வரிசையில் நிற்பது, மூன்று மண்டபங்களில் மொய் எழுதுவது எதையும் அறியாத யாரோ செய்த ஏற்பாடு இது.

அடுத்தது, ஒரு வாரத்தை இரண்டு பக்கத்தில் அடக்கிய பிளானர். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு விரல் அகலக் கட்டம். "பெரியப்பா பேத்தி சீமந்தம், தாம்பரம்" என்று எழுதினால், சீமந்தம் புதன்கிழமையிலும் தாம்பரம் வியாழக்கிழமையிலும் விழும்.

மூன்றாவது, வளையம் போட்ட ஆர்கனைசர். "தாள் தீர்ந்தா மாத்திக்கலாம் சார்" என்றார். மாற்றுத் தாள் இருக்கிறதா என்று கேட்டால், "வந்தா சொல்றேன்" என்றார். வளையங்கள் ஆறு, ஆபீஸ் பஞ்சிங் மெஷின் போடும் ஓட்டை இரண்டு. மீதி நான்குக்கு எங்கே போவது?

நான்காவது, தேதியே அச்சடிக்காத பிளானர். எந்த நாளில் வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்பது இதன் பெருமை. எந்த நாளில் வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்றால் இன்றைக்கு ஏன் ஆரம்பிக்க வேண்டும்?

எதையும் வாங்காமல் வீட்டுக்கு வந்தால், "இதெல்லாம் பழசுப்பா. புல்லட் ஜர்னல் போடு" என்றாள் மகள். அமெரிக்க வடிவமைப்பாளர் ரைடர் கேரல் 2013இல் உலகுக்கு அறிமுகம் செய்த முறை. சாதாரண நோட்டு போதும். செய்யவேண்டிய வேலைக்கு முன்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். முடிந்தால் அதன்மேல் பெருக்கல் குறி. முடியாமல் அடுத்த மாதத்துக்குப் போனால் அம்புக்குறி. தள்ளிப்போடுவதற்கென்றே ஒரு சின்னம் கண்டுபிடித்தவருக்கு என் வணக்கம். ஆனால் தள்ளிப்போட்ட வேலையைப் புதுப் பக்கத்தில் கையால் திரும்ப எழுத வேண்டுமாம். மாதாமாதம் எழுத அலுத்துப்போனால், இந்த வேலை தேவைதானா என்று நாமே கேட்டுக்கொள்வோம் என்பது அவர் கணக்கு. பல் டாக்டரைப் பார்ப்பதை நான் அந்தக் கணத்திலேயே தேவையில்லை என்று முடிவுகட்டிவிடுவேன்.

"சிவகாசி தினசரி காலண்டர் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?" என்றார் அம்மா. அவர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. மற்ற பிளானர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும். தினசரி காலண்டர் எப்போது செய்யக்கூடாது என்று சொல்லும். திங்கள்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது ராகு காலம், பத்தரை முதல் பன்னிரண்டு எமகண்டம். ஆபீஸ் போகிறவனுக்கு இதைவிட ஆறுதல் ஏது? அன்று கிழக்கே சூலம், பரிகாரம் தயிர். பயணத் திட்டத்தில் தயிரையும் சேர்த்து யோசித்த பிளானர் வேறெதுவும் எனக்குத் தெரியாது. குறை ஒன்றுதான்: நாம் எழுத அதில் இடமில்லை. தாளின் பின்புறம் எழுதலாம். மறுநாள் காலையில் கிழித்துவிடுவார்கள்.

இத்தனை விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் வீட்டில் ஒரு பிளானர் மட்டும் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. மளிகைக் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர். அடுக்களைச் சுவரில் தொங்குகிறது. பால் வராத நாளுக்கு வட்டம், சிலிண்டர் மாற்றிய நாளுக்கு ஒரு 'சி', வேலைக்கார அம்மா முன்பணம் வாங்கிய தேதி எல்லாம் என் மனைவியின் கையெழுத்தில் இருக்கின்றன. "பல் டாக்டர், 6 மணி" என்று என் பெயரிலும் ஒரு கட்டம் இருந்தது.

"ஏங்க, இன்னிக்கு டாக்டர்" என்று காலையில் மனைவி சொன்னாள். மத்தியானம் அம்மா சொன்னார். மாலையில் மகள் சொன்னாள். ஆறு மணிக்கு வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் படுத்திருந்தேன்.

விஷயம் அவ்வளவுதான். டைரி அந்தரங்கமானது. அந்தரங்கமாகப் போட்ட திட்டத்தை அந்தரங்கமாகவே கைவிட்டுவிடலாம், கேட்க ஆளில்லை. சுவரில் எழுதிய திட்டத்தைக் கைவிட வீடே அனுமதி தர வேண்டும்.

ஆகவே, வேலையைத் தள்ளிப்போட நினைக்கிறவர்கள் தோல் அட்டை போட்ட நல்ல டைரியாகப் பார்த்து வாங்குங்கள். வேலை முடிய வேண்டும் என்கிறவர்கள் கட்டம் பெரிதாக உள்ள மாதக் காலண்டரை அடுக்களையில் மாட்டுங்கள். பேனாவை மட்டும் நூலில் கட்டிவையுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.