மிதிப்பவர் இயல்: பிரேக் மாஸ்டர் மாற்றும் மரபு குறித்து ஓர் ஆய்வு

வீட்டிலேயே பிரேக் மாஸ்டர் சிலிண்டர் மாற்றுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் எப்போதும் ஸ்பேனர் பிடிப்பவர் பக்கமே நிற்கிறார்கள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சொன்னபோது மிதித்து, சொன்னபோது விடுகிறவருக்கு ஒரு பத்திகூடக் கிடையாது. மூடிய கலத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் கண்டு சொன்ன பாஸ்கல்கூட, அழுத்துவது யார் என்பதைச் சொல்லாமலே போய்விட்டார். அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

களம், அடுக்ககத்தின் கீழ்த்தளம். வண்டி, ஏபிஎஸ் உள்ள சிறு கார். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் அதனால் வரும் கூடுதல் சிக்கல் எந்தக் குடும்பத்துக்கும் வரலாம். மாஸ்டர் கெட்டதன் அறிகுறி எளிது. சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நிற்கையில் பெடல் மெல்ல உள்ளே இறங்கும். ஆனால் வெளியே எங்கும் ஆயில் கசிந்திருக்காது. மாஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து, ஆயில் அதைத் தாண்டி நழுவுகிறது என்று பொருள்.

கழற்றுவதை விரிக்க வேண்டியதில்லை. எஞ்சினை அணைத்துப் பெடலைப் பலமுறை மிதித்து, பூஸ்டரில் தங்கிய வெற்றிடத்தைத் தீர்க்க வேண்டும். பைப் நட்டைச் சாதாரண ஸ்பேனரால் தொட்டால் முனை மழுங்கும். அதற்கென்றே வாய் பிளந்த ரிங் ஸ்பேனர் உண்டு. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும், ஆகவே அடியில் பனியன் வேஸ்ட். சிந்திவிட்டால் துடைத்து நிறுத்தாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இவையெல்லாம் சிறுதெய்வங்கள். பெருந்தெய்வம் காற்று.

ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் குமிழி இருந்தால் காலின் பலமெல்லாம் அதை நசுக்கவே செலவாகிவிடும். 1978-இல் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் ஏறியதிலிருந்து, மாஸ்டருக்கும் சக்கரங்களுக்கும் நடுவே வால்வும் பம்பும் அடங்கிய ஒரு பெட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. அதில் சில வால்வுகள் சாதாரண வேளையில் மூடியே இருக்கும். அவற்றுக்கு அப்பால் புகுந்த காற்று எவ்வளவு மிதித்தாலும் வராது. ஸ்கேனர் மாட்டிப் பம்பை ஓட்டினால்தான் உண்டு. ஆகவே காற்றைப் புகவிடாமல் இருப்பதே பாதி வேலை. புது மாஸ்டரை வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, அதன் வாய்களில் ட்யூப் செருகி, மறுமுனைகளை மேல் டப்பாவின் ஆயிலுக்குள்ளேயே மூழ்கவிட்டு, பிஸ்டனை மெல்லக் குத்த வேண்டும். முதலில் நுரை, பிறகு ஒற்றைக் குமிழி, பிறகு ஒன்றுமில்லை. அவசரக்காரர் ஒற்றைக் குமிழியிலேயே எழுந்துவிடுவார்.

மாட்டிய பிறகு, ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள நிப்பிளைத் திறந்து மீதிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அங்கேதான் நம் நாயகர் வருகிறார். நூற்பா:

மிதியென மிதித்துப் பிடியெனப் பிடித்து
நிப்பிள் மூடுமுன் விடாமை மரபே.

உரை: ‘மிதியென’ என்றதனால், சொல்லாமல் மிதித்தல் விலக்கப்பட்டது. ‘பிடியென’ என்றதனால், நிப்பிள் திறந்ததும் பெடல் தரைவரை இறங்கினாலும் காலை எடுக்கலாகாது என்பது பெறப்பட்டது. அது இறங்குவதைக் கண்டு அஞ்சி விடுவாரும் உளர். மூடுமுன் விட்டால் போன காற்று வந்த வழியே திரும்பும். ‘மரபே’ என்னும் ஏகாரம், மீறியவர் வீடுதோறும் இருப்பதைக் குறித்து நின்றது.

களத்தில் பதிவான உரையாடல் ஒன்று, இடது பின்சக்கரத்துக்கு அடியிலிருந்து:

“மிதி.”

“மிதிச்சிட்டேங்க.”

“அப்படியே பிடிச்சுக்கோ, விட்டுடாத.”

“என்னது, விட்டுடவா?”

“விட்டுடாதன்னேன்!”

“விட்டுட்டேங்க.”

கார்க் கண்ணாடியை இறக்கி வைப்பதும், மிதிப்பவர் கையிலிருந்து போனை வாங்கி வைப்பதும் ஸ்பேனர் எடுத்து வைப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை என்பது இதனால் போந்த கருத்து.

மிதிப்பவராக மகனை அமர்த்துவோர் உண்டு. ஓங்கி ஓங்கி மிதித்து ஆயிலை நுரைக்க வைப்பான். மச்சானை அமர்த்தினால் இறங்கி வந்து, குனிந்து பார்த்து, “மாமா, முதல்ல முன்சக்கரம்தானே எடுப்பாங்க?” என்பார். இங்கே இரு பள்ளிகள் உள்ளன. மாஸ்டருக்குத் தூரத்திலுள்ள சக்கரத்தில் தொடங்கு என்பது ஒன்று; கிட்டத்தில் தொடங்கு என்பது மற்றொன்று. பல கார்களில் ஒரு முன்சக்கரமும் எதிர்மூலைப் பின்சக்கரமும் ஒரே இணைப்பில் இருப்பதால் வரிசை வண்டிக்கு வண்டி மாறும். தீர்ப்பு வண்டியின் பட்டறைக் கையேட்டில் இருக்கிறது. இரு பள்ளியாரும் அதைத் திறந்ததில்லை. மச்சானைப் பானட் அருகே நிறுத்தி, டப்பாவில் ஆயில் குறையக் குறைய ஊற்றச் சொல்வதே அறிவு. டப்பா வற்றினால் எல்லாம் முதலிலிருந்து. ஊற்றுவது அப்போது உடைத்த பாட்டிலாக இருக்கட்டும்: டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் இழுத்தபின் 155-க்கே கொதிக்கலாம்.

வேலை முடிந்ததா என்று சொல்லும் அதிகாரமும் மிதிப்பவருக்கே. மிதித்தபடி எஞ்சினை ஓடவிட்டால் பெடல் சற்றே இறங்கி நிற்க வேண்டும்; அழுத்தியபடியே இருந்தாலும் அதற்குமேல் போகக் கூடாது; ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைய வேண்டும். “எப்படி இருக்கு?” என்ற கேள்விக்கு “பரவாயில்லைங்க” என்று விடை வந்தால் வண்டியை ஓர் அடிகூட நகர்த்தலாகாது. “கெட்டியா இருக்கு” என்றால் மட்டுமே தெருவுக்கு. கடைசிவரை கெட்டிப்படாத வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு ஸ்கேனர் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் ஒருவரை உள்ளே உட்கார்ந்து மிதிக்கச் சொல்வார்கள். அந்த ஆள், பெரும்பாலும், வீட்டில் ஸ்பேனர் பிடித்தவரே.