கோவையில் வேலையும் வீடும்: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு கையேடு

கோயமுத்தூரில் குடியேறுவது என்று முடிவாகிவிட்டதா? முதலில் ஊர் வரைபடத்தில் உங்கள் வேலை இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். பிறகு அதற்கு நேர் எதிர்த் திசையில் வீடு தேடுங்கள். கம்ப்யூட்டர் வேலை என்றால் சரவணம்பட்டி, கீரணத்தம், இல்லாவிட்டால் 2010-ல் திறந்த விளாங்குறிச்சி டைடல் பார்க். எல்லாமே ஊரின் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கின்றன. உங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற வீடு தெற்கே சுந்தராபுரம், போத்தனூர் பக்கம் அமையும். நடுவில் இருக்கிற காந்திபுரத்தையும் கணபதியையும் தினமும் இரண்டு முறை கடக்கலாம். ஊரைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்கு இது போதும்.

பாலம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், ஜி.டி.நாயுடு பெயரில், 2025 அக்டோபரில் திறந்தார்கள். அது மிச்சப்படுத்தித் தரும் நிமிடங்களை அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாடகையில் சேர்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மெட்ரோ ரயிலை நம்பி வீடு பார்க்க வேண்டாம். 20 லட்சம் ஜனத்தொகை வேண்டும் என்பது 2017-ம் வருடத்து மெட்ரோ கொள்கை; 2011 கணக்கெடுப்பில் மாநகரத்துக்கு 15.84 லட்சம்தான் என்று 2025 நவம்பரில் மத்திய அரசு திட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. நீங்கள் குடும்பத்தோடு வருவது அந்த வகையில் ஊருக்குச் செய்கிற உதவி. ஆனால் கணக்கில் ஏற வேண்டுமானால் 2011-லேயே வந்திருக்க வேண்டும்.

இனி நேர்முகத் தேர்வு. கம்பெனியில் நடப்பதைச் சொல்லவில்லை, அது சுலபம். வீட்டு வாசலில் நடப்பதைச் சொல்கிறேன்.

"ஏனுங் தம்பி, சொந்த ஊரு எதுங்க?"

"பழனிப் பக்கமுங்க."

"பழனின்னா எந்தப் பக்கமுங்க?"

"நெய்க்காரப்பட்டிங்க."

"ஓஹோ. அங்க யாரு வீடுங்க நீங்க?"

கேள்வி எங்கே போகிறது என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இவ்வளவு மரியாதையாக ஒருவரின் சாதியைத் தோண்டி எடுக்க வேறு ஊரில் ஆள் கிடையாது. அடுத்தது கவிச்சி சமைப்பீர்களா, கல்யாணம் ஆயிற்றா, ஐடி என்றால் நைட் ஷிஃப்டா. பெரிய கம்பெனியின் பெயரைச் சொன்னால் வாடகை ஏறும், சின்னக் கம்பெனியைச் சொன்னால் கதவைச் சாத்துவார்கள். நடுத்தரமாக ஒரு பெயரைச் சொல்லிப் பழகுங்கள்.

தேறிவிட்டால் அட்வான்ஸ். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொண்டால் ஒழிய, என்றும் சேர்த்துச் சொல்கிறது. அந்த "ஒழிய"வில்தான் ஊரே குடியிருக்கிறது. சட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் வீட்டுக்காரர் கோபப்பட மாட்டார். "அப்படிங்களா?" என்று கேட்டுக்கொண்டு, வீட்டை வேறு ஆளுக்குச் சொல்லியாயிற்று என்பார்.

சப் மீட்டரைக் கவனியுங்கள். மாடிப்படிக்குக் கீழே, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, தூசி படிந்து ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு தருகிறதே, அந்தப் பெட்டிக்கு அது தெரியாது. முதல் யூனிட்டிலிருந்தே யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் நோட்டில் எழுதுவார். இலவசம் அவருடைய அட்டையில் பத்திரமாக இருக்கும்.

வேலை விஷயத்துக்கு வருவோம். கணபதி, ஆவாரம்பாளையம் சந்துகளில் நடந்தால் பட்டறைக்குப் பட்டறை "ஆட்கள் தேவை" பலகை தொங்கும்: டர்னர், ஃபிட்டர், விஎம்சி ஆபரேட்டர். உள்ளே போனால் முதலாளி, "ஆளே கிடைக்கறதில்லைங்க" என்பார். சம்பளத்தைக் கேட்டால் ஏன் கிடைப்பதில்லை என்று புரியும். அவர்மீதும் முழுப் பழியைப் போட முடியாது. ஜாப் ஆர்டருக்கு விலை வைப்பது ஆர்டர் கொடுக்கிற பெரிய கம்பெனி. 2022 செப்டம்பரில் மின்கட்டணமும் நிலைக்கட்டணமும் ஏறியபோது சிறுதொழில்காரர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். லேத் சத்தத்தில் கிடைப்பதைவிட, அதே ஐந்து சென்ட்டில் ஷெட்டை இடித்து மாடி கட்டி வாடகைக்கு விட்டால் சத்தமில்லாமல் அதிகம் வரும் என்று பட்டறை முதலாளி எப்போதோ கணக்குப் போட்டுவிட்டார்.

மில் வேலை வேண்டுமா? 1888-ல் ஸ்டேன்ஸ் துரை முதல் மில்லைத் தொடங்கிய ஊர் இது. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றதோடு சரி. அவிநாசி ரோடு லட்சுமி மில்ஸ் வளாகத்துக்குள் 2023-லிருந்து லுலு ஹைப்பர் மார்க்கெட் இருக்கிறது. அப்பா நூல் ஓட்டிய வளாகத்தில் மகன் டிராலி ஓட்டலாம். வேலை தலைமுறை தாண்டுவதற்கு இதைவிட என்ன வேண்டும்!

பீகார், ஒடிசாவிலிருந்து வருகிறவர்களுக்குத் தனிக் கையேடு தேவையில்லை. அவர்களிடம் யாரும் ஊரைத் துருவிக் கேட்பதில்லை. வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில், ஒரே அறையில் எட்டுப் பேரை வைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். சதுர அடிக்குக் கணக்குப் பார்த்தால் ரேஸ்கோர்ஸ் பங்களாக்காரர் வெட்கப்பட வேண்டும்.

இவ்வளவு கஷ்டம் எதற்கு, சொந்தமாக இடம் வாங்கிவிடலாம் என்று தோன்றும். அன்னூர், காரமடைப் பக்கம் சைட் விளம்பரங்கள் ஏராளம். "ஏர்போர்ட்டுக்குப் பதினைந்தே நிமிடம்" என்றால் விமானத்தில் போனால் என்று அர்த்தம். தவணை கட்டி முடிக்கும்போது உங்கள் வேலை அந்தத் திசையில் இருக்காது. இந்த ஊரில் உழைப்பைவிட நிலம் அதிகம் சம்பாதிக்கிறது. நிரந்தர உத்தியோகம் வேண்டுமென்றால் வீட்டுக்காரராகப் பிறந்திருக்க வேண்டும்.

கடைசியாகச் சொல்வதில் கிண்டல் இல்லை. வாய்ப்பேச்சில் குடிபோகாதீர்கள், ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள், சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். சாவி வாங்குகிற அன்றே சுவர்களையும் மீட்டர் எண்ணையும் படம் பிடித்து, வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கத்தான் பார்ப்பார்கள்.