சொந்தக் கணக்கு

தொழில் தொடங்கப் போகிறேன் என்று சொன்னதும் என் நாத்தனார் கேட்ட முதல் கேள்வி: "அப்ப இனிமே எங்களுக்குப் பொடி?"

முதல் எவ்வளவு, லைசென்ஸ் வேண்டுமா, லாபம் வருமா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. அவர் கவலை நியாயமானதுதான். கல்யாணமாகி உறையூருக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த யாரையும் நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. விருந்தாளி செருப்பு மாட்டுகிற நேரத்தில், "இருங்க, கொஞ்சம் இட்லிப் பொடி தர்றேன்" என்று உள்ளே ஓடி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் அமுக்கி அமுக்கி நிரப்பிக் கொண்டுவருவேன். பொடியும் திரும்பி வராது, பாட்டிலும் திரும்பி வராது. அப்படிப் பார்த்தால் எனக்குத் திருச்சி முதல் டெக்சாஸ் வரை வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். விற்பனைதான் இல்லை.

"உன் பொடிக்குக் கடை போட்டா கூட்டம் அள்ளும்" என்று சொன்னவர்களை அழைத்து உட்கார வைத்தால் ஒரு கல்யாண மண்டபம் நிரம்பிவிடும். இதற்குப் பெயர் சந்தை ஆய்வு என்று பெங்களூரில் இருக்கும் என் மகன் சொன்னான். அந்த ஆய்வில் கலந்துகொண்ட ஒருவர்கூட இதுவரை பொடிக்குக் காசு கொடுத்ததில்லை என்பதை அவன் அப்பா குறிப்பிட்டார். அவர் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர். எதிலும் பற்று வரவு பார்க்காமல் அவருக்கு இட்லி இறங்காது.

சர்க்காரைச் சமாளிப்பதுதான் கஷ்டம் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். அப்படி ஒன்றுமில்லை. வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். நான் பதிவு செய்தபோது, வருஷத்துக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்கிறவர்களுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். கட்டியதும் 14 இலக்கத்தில் ஓர் எண் வந்தது. என் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தபோதுகூட இவ்வளவு எண்கள் எழுதவில்லை. அடுத்தது உத்யம் பதிவு. அதற்குக் கட்டணமே கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும். சான்றிதழில் என்னைக் 'குறுந்தொழில்' என்று போட்டிருந்தார்கள். பெருமையாக இருந்தது. 2025 ஏப்ரலில் இருந்து அந்தக் குறுந்தொழிலுக்கு உச்சவரம்பு என்னவென்று இவர் தேடிப் பார்த்துச் சொன்னார்: இயந்திரத்தில் இரண்டரைக் கோடி முதலீடு, வருஷத்துக்குப் பத்துக் கோடி விற்றுமுதல். என்னுடைய இயந்திரம், மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடுகிற மிக்ஸி. அந்த வரம்பைத் தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்வதாக அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

மானியக் கடன் முகாம் ஒன்றுக்கும் போனோம். சிறிய உணவுத் தொழில்களுக்கு மத்திய அரசு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் தருகிறது என்று விளக்கினார்கள். "எத்தனை பேருக்கு வேலை கொடுப்பீங்கம்மா?" என்று மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கேட்டார். நான் இவரைக் காட்டினேன்.

தொழிலில் எனக்குத் தெரிந்த பகுதி ஒன்று உண்டு. அதுதான் பொடி. காந்தி மார்க்கெட்டில் மிளகாய் மூட்டைக்குள் கைவிட்டு எடுத்து, ஒடித்துப் பார்த்து வாங்குவேன். உளுந்து தனி, கடலைப்பருப்பு தனி, எள் தனியாக வறுக்க வேண்டும். மூன்றையும் ஒரே சட்டியில் கொட்டினால் எள் கருகும்போது பருப்பு பச்சையாக இருக்கும். வறுத்ததை நன்றாக ஆறவிட்டு, மிளகாயும் கல்லுப்பும் பெருங்காயமும் முதலில், பருப்பு அடுத்து, எள் கடைசியில் ஒரு சுற்று. எள்ளோடு விடாமல் ஓட்டினால் எண்ணெய் விட்டுப் பொடி கட்டிக்கொள்ளும். அரைத்த சூட்டோடு பாக்கெட்டில் போட்டு ஒட்டினால் உள்ளே வியர்த்துவிடும். இதை மில்லில் கொடுத்து அரைக்கலாம்தான். ஆனால் நமக்கு முன்னால் யார், என்ன அரைத்தார்கள் என்பதை அவர்கள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு தடவை முதல் கவளத்தில் சீயக்காய் வாசனை வந்தது. அன்று முதல் வீட்டு மிக்ஸிதான்.

விலை போடுகிற இடத்தில்தான் வீடு இரண்டாகியது. இவர் ஒரு நீள நோட்டை எடுத்து மஞ்சள் குங்குமம் வைத்து, பருப்பு, எள், கேஸ், கரண்ட், பாக்கெட், லேபிள் என்று வரிசையாக எழுதினார். ஒரு கிலோ மிளகாயில் காம்பு கிள்ளினால் எவ்வளவு குறைகிறது, வறுக்கும்போது பருப்பில் எவ்வளவு குறைகிறது என்பதையும் நிறுத்துப் பார்த்து எழுதினார். கடைசி வரியில் 'கூலி' என்று எழுதினார்.

"யாருக்குக் கூலி?"

"உனக்கு."

"எனக்கு எதுக்குங்க? நான் வீட்லதான இருக்கேன்!"

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். வறுப்பது, அரைப்பது, பாக்கெட் ஒட்டுவது எல்லாமே என் கணக்கில் 'சும்மா இருக்கிற நேரம்'. அந்தச் சும்மாவுக்கு மணிக்கு இவ்வளவு என்று ஒரு கம்பெனிக் கணக்கர் போட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஏதோ அவரிடமிருந்து திருடுகிற மாதிரி. பேரம் பேசினோம். உலகத்திலேயே தன் கூலியைக் குறைக்கச் சொல்லிப் போராடிய ஒரே தொழிலாளி நான்தான் என்றார். கடைசியில் 200 கிராம் 130 ரூபாய் என்று முடிவாயிற்று.

பெயர் வைக்கிற சண்டையைச் சொல்லப் போவதில்லை. அதில் சம்பந்தப்பட்ட மாமியார் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார்.

லேபிள் அச்சடித்தபோது சட்டம் எனக்குத் துணைக்கு வந்தது என்று நினைத்தேன். சைவம் என்பதற்குப் பச்சைக் கட்டத்துக்குள் பச்சைப் புள்ளி, நிகர எடை, தயாரித்த மாதம், முகவரி எல்லாவற்றோடும் விலையையும் கட்டாயம் போட வேண்டும். விலையைப் பாக்கெட்டே சொல்லிவிடும், நான் வாய் திறக்க வேண்டாம் என்பது என் திட்டம். முதல் பாக்கெட்டைக் கையில் வாங்கிய ஓரகத்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள்: "அதிகபட்ச சில்லறை விலை 130 ரூபாய்." நிமிர்ந்து பார்த்தாள். "அதிகபட்சம்தான? நமக்கு எவ்வளவு?"

ஒரு கிராம் என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் போட வேண்டும். 65 காசு என்று போட்டோம். அது எங்கள் சின்ன மாமனாருக்கு மிகவும் பயன்பட்டது. தோசைக்குப் பொடி வைத்தபோது கரண்டியை உற்றுப் பார்த்து, "ஏம்மா, இது பத்து கிராம் இருக்குமா? ஆறரை ரூபாய்!" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டு எழுந்ததும், "இன்னிக்குப் பதினஞ்சு ரூபாய்க்குத் தொட்டுக்கிட்டேன்" என்று அறிவித்துவிட்டுத்தான் கை கழுவுகிறார். பில்லை மட்டும் இதுவரை அவர் கேட்டதில்லை.

சாப்பிடக் கொடுத்துவிட்டுக் காசு கேட்பது எப்படி என்று நம் வீடுகளில் எந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. "இன்னும் ஒண்ணு போட்டுக்குங்க" என்று சொல்லப் பழகிய வாய், "நூத்தி முப்பது" என்று சொல்ல மறுக்கிறது. எதிர்வீட்டு அக்கா நல்லவர், காசோடுதான் வந்தார். இரண்டு பாக்கெட் எடுத்துக்கொண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். வாங்குவதற்குத்தான் கையை நீட்டினேன். வாய், "அட, இருக்கட்டும்க்கா, நமக்குள்ள என்ன" என்றது. அக்கா விடவில்லை, நானும் விடவில்லை. கடைசியில் ஐந்நூறும் அவரிடம், இரண்டு பாக்கெட்டும் அவரிடம், வெள்ளிக்கிழமை என்பதால் வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் அவரிடம். இவர் பேசாமல் நோட்டைத் திறந்து 'விளம்பரச் செலவு' என்று எழுதினார். பிறகு அதை அடித்துவிட்டு, பின்பக்கத்தில் புதிதாக ஒரு தலைப்புப் போட்டார்: 'சொந்தம்'. மாதக் கடைசியில் சேர்த்துத் தருகிறேன் என்றவர்கள், கணக்கில் வைத்துக்கொள் என்றவர்கள், "வாழ்த்துகள்" என்று சொல்லி ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனவர்கள் எல்லாரும் அந்தத் தலைப்பின் கீழ் குடியேறினார்கள். வரவு, செலவு இரண்டையும்விட வேகமாக வளர்ந்தது அந்தப் பக்கம்தான்.

தைரியத்துக்காக லிஜ்ஜத் அப்பளத்தின் கதையை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். 1959 மார்ச் 15, பம்பாய் கிர்காவ்மில் ஒரு கட்டடத்து மொட்டை மாடி. ஏழு பெண்கள், 80 ரூபாய் கடன். முதல் நாள் நான்கு பாக்கெட் அப்பளம். நஷ்டம் வந்தாலும் யாரிடமும் நன்கொடைக்குக் கை நீட்டுவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்தார்கள். அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

இவர் கவனமாகக் கேட்டார். "அந்த நாலு பாக்கெட்டையும் யார்கிட்ட குடுத்தாங்க?"

"புலேஷ்வர்ல தெரிஞ்ச ஒரு வியாபாரிகிட்ட."

"பாத்தியா? வியாபாரிகிட்ட. ஓரகத்திகிட்ட இல்ல."

நன்கொடை வாங்குவதில்லை என்ற கொள்கை என்னிடமும் இருக்கிறதே என்றேன். "கொடுக்கிறதில்லைங்கிற கொள்கையும் வேணும்" என்றார்.

விடிவு பெங்களூரிலிருந்து வந்தது. கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் அட்டையும், காசு வந்தால் உரக்கச் சொல்லும் பெட்டி ஒன்றும் மகன் ஏற்பாடு செய்தான். வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, யார் கண்ணுக்கும் தப்பாதபடி இவர் அட்டையை ஒட்டினார். நான் கேட்க வேண்டாம், அவர்கள் கொடுக்கிறேன் என்று சொல்லவும் வேண்டாம். பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு செருப்பு மாட்டக் குனிகிறவர் அட்டையைப் பார்ப்பார். அந்தப் பெட்டி பேசாமல் உட்கார்ந்திருக்கும். அதன் மௌனம் தாங்காமல் பலர் போனை எடுத்தார்கள். "நூற்று முப்பது ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டி தெருவுக்கே கேட்கும்படி தமிழில் சொன்னது. என் வாயால் சொல்ல முடியாத அந்தத் தொகையை ஒரு பெட்டி கூச்சநாச்சமில்லாமல் சொல்கிறது. யு.பி.ஐ. 2016ல் வந்தது. இருபது வருஷம் முன்னால் வந்திருந்தால் ஹார்லிக்ஸ் பாட்டில்களாவது மிஞ்சியிருக்கும்.

எதிர்வீட்டு அக்கா வீட்டிலிருந்தபடியே பெட்டியின் குரலைக் கேட்டுவிட்டு வந்து, பழைய இரண்டு பாக்கெட்டுக்கும் சேர்த்துக் கட்டினார். சின்ன மாமனார் மட்டும் தன்னிடம் பட்டன் போன்தான் இருக்கிறது என்பதை இப்போதெல்லாம் அடிக்கடி நினைவுபடுத்துகிறார்.

அதன் பிறகு முன்பின் தெரியாதவர்கள் வந்தார்கள். அடடா, எவ்வளவு நல்லவர்கள்! ஓசூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். நான்கு பாக்கெட் வேண்டும், எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று அவரே கேட்டார். கூரியர் தனி என்றேன், சரி என்றார். பொடி வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே காசு வந்துவிட்டது. எங்கள் குடும்ப வரலாற்றில் அப்படி நடந்ததில்லை. நான் அவரை வாடிக்கையாளர் என்றே அழைத்தேன், அவர் என்னை மேடம் என்றே அழைத்தார். இரண்டாவது ஆர்டரும் அப்படியே. மூன்றாவது முறை அவர் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, காரம் குறைத்துத் தர முடியுமா என்று கேட்டார். என்ன உடம்புக்கு என்று நான் விசாரித்தேன். அவர் சொன்னார். நான் இரண்டு கைவைத்தியம் சொன்னேன். அவர் தன் பெண்ணுக்கு வரன் பார்க்கிற விஷயத்தைச் சொன்னார். பேச்சு முடியும்போது, "ரொம்ப நன்றிக்கா" என்றார்.

இவர் கூடத்திலிருந்து தலையை நீட்டினார். "என்ன சொன்னாங்க?"

"அக்கான்னாங்க."

"காரம் குறைச்ச பொடி எவ்வளவுன்னு சொன்ன?"

நான் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். இவர் நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தை எடுத்து, 'ஓசூர்' என்று எழுதினார்.