மேதைகளுக்கு போர்மேன் வைத்த பரீட்சை

விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலைக்குள் செல்போன் போகாது, தீப்பெட்டி போகாது, நைலான் சட்டை போகாது. வேதியியல் வரலாற்றின் மாபெரும் மேதைகள் சிலரும் போக முடியாது. போர்மேன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

அவருக்கு அந்த உரிமை உண்டு. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததிலிருந்து, ஆக்சிஜன் கொடுக்கிற உப்பை எரிகிற பொருளோடு எப்போது சேர்க்கலாம், எப்போது சேர்க்கவே கூடாது என்பதுதான் சிவகாசியின் அரிச்சுவடி.

மேதைகள் வந்ததும் ஆக்சிஜன் வேலையாகத்தான். ஆல்கீனில் இரண்டு கார்பன்கள் இரட்டைப் பிணைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நறுக்கி, வெட்டிய முனைகளில் ஆக்சிஜனை ஏற்றினால் ஆல்டிஹைடு. கிராம்பு எண்ணெயை வனிலா மணமாக மாற்றியது இந்த வித்தைதான். நிறுத்தத் தெரியாமல் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டே போனால் ஆல்டிஹைடு அமிலமாகிவிடும். மணமும் போச்சு, பணமும் போச்சு.

முதலில் வந்தவர் பாசெல் நகரத்து ஷோன்பைன். 1840-ல் ஓசோனை மோப்பம் பிடித்து அறிவித்தவர். மனைவி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அடுப்பங்கரையில் அமிலத்தைக் கொட்டி, அவருடைய ஏப்ரனாலேயே துடைத்து, அடுப்போரம் காயப்போட்டார். ஏப்ரன் பளிச்சென்று காணாமல் போய் வெடிபஞ்சு பிறந்தது என்பார்கள்.

“அடுப்பங்கரையிலயா மருந்து கலக்குனீங்க? நடையைக் கட்டுங்க அண்ணாச்சி.”

அடுத்தவர் ஹாரியஸ், சீமென்ஸ் வீட்டு மாப்பிள்ளை. 1900-களின் தொடக்கத்தில் அதே ஓசோனைக் கொண்டு ஆல்கீனை அழகாக நறுக்கிக் காட்டினார். நடுவில் உண்டாகும் ஓசோனைடுகளுக்கு வெடிக்கும் குணம். அதனால் இன்றும் இந்த வேலையைப் பெரும்பாலும் மைனஸ் 78 டிகிரி குளிரில் செய்கிறார்கள். சாத்தூர் வெயிலில் அதைக் கேட்ட போர்மேன் சிரித்தே அனுப்பிவிட்டார்.

மூன்றாமவர் கசானிலிருந்து வந்த கார்ல் கிளாஸ். யூரல் மலைப் பிளாட்டினத் தாதுக் கழிவைக் கிண்டி 1844-ல் ருத்தேனியம் என்ற புது உலோகத்தைப் பிடித்தவர். அந்நாளைய வேதியியல் பெரியவர் பெர்சீலியஸ் முதலில் நம்பவில்லை; பிறகுதான் இறங்கி வந்தார். கிளாஸுக்கு ஒரு பழக்கம்: தயாரித்ததையெல்லாம் நாக்கில் வைத்துப் பார்ப்பார். வாயும் வெந்தது. நச்சுப் பொருளை ஊறுகாய் மாதிரி ருசி பார்த்தவரை எந்தக் கலவை அறைக்குள் விடுவது?

நான்காமவர் ஜெராசி, கருத்தடை மாத்திரைக்கு வழி திறந்தவர். 1953-ல் எங்கிளோடு சேர்ந்து ருத்தேனியம் டெட்ராக்சைடைக் கரிம வேதியியலுக்குக் கொண்டுவந்தார். அதை ஈதரோடு சேர்த்துப் பார்த்தார், வெடித்தது.

“ஆக்சிஜனை அள்ளிக் கொடுக்கிறதையும் பத்திக்கிறதையும் ஒண்ணாச் சேர்த்தா பின்ன என்ன செய்யும்? குளோரேட்டும் கந்தகமும் சேரக் கூடாதுன்னு எங்களுக்கு 1992-லயே தடை போட்டாச்சு. உங்களுக்கு அமெரிக்காவில யாரும் சொல்லலையா?”

கடைசியாக வந்தவர்கள் கொஞ்சம் நிதானமானவர்கள். ஆல்கீனை நறுக்க டெட்ராக்சைடைக் குடுவையில் குவித்துவைக்காமல், ருத்தேனியம் குளோரைடைச் சிட்டிகை போட்டு, பீரியோடேட் உப்பை வைத்து அவ்வப்போது தேவைக்கு மட்டும் உண்டாக்கிக்கொண்டார்கள். 1981-ல் ஷார்ப்லெஸ் குழு அசிட்டோநைட்ரைல் சேர்த்து வினையூக்கி நடுவழியில் படுத்துவிடாமல் பார்த்துக்கொண்டது. ஆனால் அது பெரும்பாலும் அமிலம் வரை ஓடியது. 2001-ல் ஹாங்காங்கில் யாங், ஜாங் இருவரும் கரைப்பானை மாற்றி ஆல்டிஹைடிலேயே அதை நிறுத்திக் காட்டினார்கள். ஓசோன் எந்திரமும் வேண்டாம், மைனஸ் 78-ம் வேண்டாம்.

போர்மேன் முதல்முறையாகத் தலையாட்டினார். “கொஞ்சமா கலக்கணும், அப்பப்ப கலக்கணும், குவிச்சு வைக்கக் கூடாது. இது நம்ம பாடம்தான். சரி, ஆக்சிஜன் யாரு கொண்டாறது?”

“பீரியோடேட்.”

“வேலை முடிஞ்சதும்?”

“பீரியோடேட் தீர்ந்துவிடும். ருத்தேனியம் அப்படியே இருக்கும். கட்டுரைத் தலைப்பில் அதன் பெயர்தான் வரும்.”

“அட, எங்க முதலாளியும் இதே பார்முலாதான்!”